கண்ணாடிக் கடைப் போர்டுக்கு எந்த எழுத்துரு?

கேரள எல்லையோரம் இருக்கும் கொழிஞ்சாம்பாறையில் மூக்குக்கண்ணாடிக் கடை திறக்கப் போகும் தம்பி ஒருவர் கேட்டிருந்தார்: "போர்டு, பவர் சீட்டு, பில் எல்லாவற்றுக்கும் நவீனமான சான்ஸ் எழுத்துரு வேண்டும். இங்கிலீஷுக்கு ஹெல்வெட்டிகா பிடித்திருக்கிறது. ஆனால் தமிழையும் மலையாளத்தையும் அதன் பக்கத்தில் வைத்தால் மூன்று கடைப் போர்டுகளை வெட்டி ஒட்டியதுபோல் இருக்கிறது. ஒருவர் நோட்டோ சான்ஸ் போதும் என்கிறார், இன்னொருவர் அனேக் என்கிறார். எதை எடுப்பது? ஏன்?"

தம்பி, போர்டுக்கு அனேக் எடுங்கள். சீட்டுக்கும் பில்லுக்கும் நோட்டோ சான்ஸ் எடுங்கள். ஹெல்வெட்டிகாவை விட்டுவிடுங்கள். இது மட்டும் போதுமென்றால் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள், அதற்குக் கொஞ்சம் பொறுமையாகப் படிக்க வேண்டும். இந்த எல்லைப் பக்கம் இருபது வருஷத்துக்கு மேல் போர்டு வேலை பார்க்கிறேன். பிரஷ்ஷும் எனாமலும் பிடித்து ஆரம்பித்து, ஃபிளெக்ஸ் வந்து, இப்போது ஏசிபி என்ற அலுமினிய ஷீட்டும் அக்ரிலிக் எழுத்தும் எல்இடியும். பொருள் மாறினாலும், தமிழும் மலையாளமும் இங்கிலீஷும் ஒரே பலகையில் சண்டையில்லாமல் உட்கார வேண்டும் என்ற பிரச்சினை மட்டும் மாறவில்லை.

முதலில் சான்ஸ் என்றால் என்ன என்பது. ரோமன் எழுத்தில் கோடு முடியும் இடத்தில் சின்னதாக ஒரு பாதம் இருக்கும், அதுதான் செரிஃப். அந்தப் பாதம் இல்லாத எழுத்து சான்ஸ் செரிஃப். லண்டனில் நான்காம் வில்லியம் காஸ்லனின் அச்செழுத்து வார்ப்பகம் 1816 வாக்கில் இப்படி ஓர் அச்சை முதன்முதலில் காட்டியது. நீங்கள் விரும்பும் ஹெல்வெட்டிகா 1957இல் ஸ்விட்சர்லாந்தின் ஹாஸ் வார்ப்பகத்தில் பிறந்தது. எட்வர்ட் ஹொஃப்மன் மேற்பார்வையில் மாக்ஸ் மீடிங்கர் வரைந்தார். முதலில் வைத்த பெயர் நோயே ஹாஸ் குரோட்டெஸ்க், 1960இல்தான் ஹெல்வெட்டிகா ஆனது.

தமிழுக்கு வந்தால் கதை வேறு. நம் எழுத்துக்குப் பாதமே கிடையாது, எடுப்பதற்கு ஒன்றும் இல்லை. ஓலையில் எழுத்தாணியால் கீறிய கோடு எல்லாப் பக்கமும் ஏறக்குறைய ஒரே தடிமனாகத்தான் இருக்கும். அச்சு வந்த பிறகுதான் கோட்டில் தடிப்பும் மெலிவும் பழக்கமாயின. தமிழ் எழுத்தில் இந்தியாவில் அச்சான முதல் புத்தகம், 16 பக்கத் 'தம்பிரான் வணக்கம்', 1578இல் நம் கேரளத்துக் கொல்லத்தில் அச்சானது என்பதை எல்லைப் பக்கத்துக்காரர்கள் நினைவில் வைத்திருப்பது நல்லது. ஆக, 'தமிழ் சான்ஸ்' என்று இன்று விற்பனைக்கு வரும் எழுத்துருக்களில் நாம் பார்க்க வேண்டியவை மூன்று: கோடு சீரான தடிமனில் ஓடுகிறதா, நுனி சுத்தமாக வெட்டுப்பட்டிருக்கிறதா, எழுத்தின் உள்ளே போதுமான வெள்ளை இருக்கிறதா. மூன்றாவதைத்தான் பலரும் பார்ப்பதில்லை. என் அனுபவத்தில் போர்டு தோற்பது பெரும்பாலும் அங்கேதான்.

உங்கள் தொழிலையே எடுத்துக்கொள்வோம். போர்டில் முதலில் வரப்போகும் சொல் 'கண்ணாடி'. இதைவிடக் கடினமான சொல்லைத் தேர்ந்தெடுக்க முடியாது. மூணு சுழி ண இரண்டு, பக்கத்தில் பக்கத்தில். முதல் ண தலையில் புள்ளி. கடைசியில் டி, அதன் கொக்கி மேலே ஏறி வளைகிறது. பழைய நாளில் இதே சொல்லில் 'ணா' தனி வடிவத்தில், ஒட்டிய எழுத்தாக இருந்தது. எனக்குப் பிரஷ் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர் கடைசிவரை அதைத்தான் எழுதினார். 1978இல் எம்.ஜி.ஆர். அரசு பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்று ஆணை போட்ட பிறகு ணா, றா, னா எல்லாம் தனி எழுத்தும் தனிக் காலும் ஆயின. படிக்க எளிது, ஆனால் பலகையில் ஒரு கோடு கூடிவிட்டது. நீங்கள் இடம் கணக்குப் போடும்போது அந்தக் கோட்டையும் சேர்க்க வேண்டும்.

இப்போது உங்கள் கடையின் உள்சுவரில் தொங்கப் போகும் பார்வை அட்டையைப் பாருங்கள். 1862இல் கண் மருத்துவர் ஸ்னெல்லன் போட்ட கணக்கு: 6/6 வரிசை, அதாவது இயல்பான கண் படிக்கும் வரிசையின் எழுத்து 6 மீட்டர் தூரத்தில் 5 ஆர்க் மினிட் (ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்குதான் ஆர்க் மினிட்) அளவு தெரியும், அதாவது சுமார் 8.7 மில்லிமீட்டர் உயரம். அந்த எழுத்தின் ஒவ்வொரு கோடும் ஒவ்வொரு இடைவெளியும் அதில் ஐந்தில் ஒரு பங்கு. இங்கிலீஷ் ஈ (E) எழுத்தில் மூன்று படுக்கைக் கோடு, நடுவில் இரண்டு வெள்ளை, மொத்தம் ஐந்து. இதே கண்ணோடு ணவைக் குறுக்கே எண்ணிப் பாருங்கள். சுழியின் கோடு, உள்ளே வெள்ளை, மறுபடி கோடு, வெள்ளை என்று போய்க் கடைசியில் நிற்கும் காலுக்கு வருவதற்குள் ஐந்தைத் தாண்டிவிடும். ஆக, ஈயும் ணவும் ஒரே அகலத்தில் இருந்தால், ஈ தெளிவாகத் தெரியும் தூரத்தில் ண கரைந்துபோயிருக்கும். தமிழில் ண அகலமாக இருப்பது அதற்குத் தேவைப்படும் இடம். அந்த இடத்தைக் கொடுக்காத எழுத்துரு எவ்வளவு நவீனமாக இருந்தாலும் உங்கள் கடைக்கு உதவாது.

போர்டு தொழிலில் பத்தடி தூரத்துக்கு ஓர் அங்குல எழுத்து என்று ஒரு கணக்கு உண்டு. உங்கள் அட்டைக் கணக்கில் போட்டால் அது 28, 29 ஆர்க் மினிட் வருகிறது. 6/6 எழுத்தைவிட ஐந்தரை மடங்குக்கு மேல். ஓடும் பஸ், வெயில் கண்கூச்சம், நடுவில் நிற்கும் லாரி, வயதான கண், எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான் அந்தத் தாராளம். ரோட்டின் எதிர்ப்பக்கம் நூறடி தள்ளி நிற்பவருக்குத் தெரிய வேண்டுமென்றால் எழுத்தின் உடல் பத்தங்குலம் இருக்க வேண்டும். உடல் என்று நான் சொல்வது, மேலே போகும் கொக்கியையும் புள்ளியையும், கீழே தொங்கும் வாலையும் விட்டுவிட்டு, க, ப, ட போன்ற எழுத்துகளின் நடு உயரம்.

பத்தங்குலத்தில் மூன்று மொழியை ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்தால், மூன்றடி உயரப் போர்டில் மூச்சுவிட இடமிருக்காது. அதனால் தமிழும் மலையாளமும் சம அளவில் பெரிதாகவும், இங்கிலீஷ் அதன்கீழே பாதி அளவிலும் இருக்கட்டும். இது மொழிப் பாசத்தில் சொல்வதல்ல. இங்கிலீஷ் எழுத்துக்கு உள்ளே வெள்ளை அதிகம், பாதி அளவிலும் தாக்குப்பிடிக்கும். தமிழும் மலையாளமும் பிடிக்காது.

மலையாள வரியில் ஒரு விஷயம் கவனியுங்கள். தமிழ்ப் பெயரை அப்படியே மலையாள எழுத்தில் மாற்றிவிடாதீர்கள். அங்கே கண்ணாடி என்றால் முகம் பார்க்கும் கண்ணாடி. மூக்கில் போடுவது 'கண்ணட'. கொழிஞ்சாம்பாறையில் யாருக்கும் புரியாமல் போகாது என்றாலும், பாலக்காட்டிலிருந்து வருகிறவர் ஒரு நொடி யோசிப்பார். மலையாளத்தில் 'ண்ண' ஒட்டிக் கூட்டெழுத்தாக வரும். அதுவும் சுழி நிறைந்த, அகலமான எழுத்து. தமிழ்ச் சொல்லுக்கு எவ்வளவு இடம் விடுகிறீர்களோ, அதற்குக் குறையாமல் அதற்கும் விடுங்கள்.

இடம் போதாதபோது எல்லோரும் செய்யும் தப்பை நானும் செய்திருக்கிறேன். பதினைந்து வருஷத்துக்கு முன்னால் வேலந்தாவளம் ரோட்டில் ஓர் அரிசி மண்டிக்குப் போர்டு. பெயர் நீளம், பலகை சின்னது. கம்ப்யூட்டரில் எழுத்தைப் பிடித்துப் பக்கவாட்டில் எழுபது சதவீதத்துக்கு அமுக்கி, போதாக்குறைக்கு நல்லா எடுப்பாத் தெரியட்டும் என்று இருப்பதிலேயே தடித்த எடையை (கோட்டின் தடிமனை எடை என்போம்) போட்டேன். திரையில் கம்பீரமாக இருந்தது. மாட்டிய மறுநாள் எதிர் ஓரத்தில் நின்று பார்த்தால் 'மண்டி'யில் ம தெரிகிறது, டி தெரிகிறது, நடுவில் இருப்பது ஒரு கறுப்புக் கட்டி. அமுக்கியதில் நிற்கும் கோடெல்லாம் மெலிந்து, படுக்கைக் கோடு மட்டும் தடிமனாகவே நின்று, சுழிக்குள் இருந்த வெள்ளை செத்துப் போயிருந்தது. கடைக்காரர் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. ஆனால் அவருடைய கடைப் பெயரை நான் அழித்து வைத்திருக்கிறேன் என்பது எனக்குத் தெரிந்தது. என் செலவிலேயே வேறு ஃபிளெக்ஸ் அடித்து மாட்டினேன். அன்றிலிருந்து எந்த எழுத்தையும் பிடித்து அமுக்குவதில்லை.

அனேக்கைச் சொல்வதற்குக் காரணமே இதுதான். மும்பையில் இருக்கும் ஏக் டைப் என்ற எழுத்துரு நிறுவனம் உருவாக்கி, 2022இல் வெளியிட்ட குடும்பம் அது. ஏகம், அநேகம் என்று நாம் சொல்கிறோமே, அதே அநேகம்தான் பெயர். தமிழ், மலையாளம், தெலுங்கு, கன்னடம் உட்பட ஒன்பது இந்திய எழுத்துமுறைகளும் ரோமனும் சேர்ந்து பத்து. தமிழை வரைந்தவர் ஆதர்ஷ் ராஜன். இங்கிலீஷை வரைந்துவிட்டு மற்றதையெல்லாம் அதற்குள் திணிக்காமல், ஒவ்வொரு எழுத்துமுறைக்கும் அதற்கென்று ஆள் உட்கார்ந்து, ஒரே யோசனையை அவரவர் எழுத்தில் வரைந்திருக்கிறார்கள். அந்த யோசனை மாத்திரைக் குளிகை வடிவம். வளைவுகளின் பக்கங்கள் கொஞ்சம் நேராக, தோள் கொஞ்சம் சதுரமாக நிற்கும். வ, ல, ள எழுத்துகளைப் பெரிதாக்கிப் பாருங்கள், தெரியும். அதே தோள் ரோமன் ஓவிலும் இருக்கிறது, மலையாள வட்டங்களிலும் இருக்கிறது. மூன்று வரியும் ஒரே கடையுடையது என்று கண் உடனே ஏற்றுக்கொள்வது அதனால்தான்.

அதைவிட முக்கியம், அகலம். அனேக்கில் எடையை 100இலிருந்து 800 வரைக்கும், அகலத்தை 75இலிருந்து 125 வரைக்கும் நகர்த்தலாம். ஒடுக்கமான வடிவம் வேண்டுமென்றால் அதுவே தனியாக வரையப்பட்டிருக்கிறது. கோட்டின் தடிமனும் உள் வெள்ளையும் அந்த அகலத்துக்குச் சரிசெய்யப்பட்டிருக்கும். நான் மண்டிப் போர்டில் செய்தது போல் மெஷின் அமுக்கியது அல்ல. உங்கள் சொல்லுக்கு நான் எடுப்பது எடை 600, அகலம் 100 அல்லது ஒரு படி மேலே. 800க்குப் போகாதீர்கள். இரண்டு ண பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்போது 800இல் வெள்ளை நெரிபடும். கோரல் டிராவின் புதிய பதிப்புகளில் எடையையும் அகலத்தையும் நேராக நகர்த்தலாம். பழைய பதிப்பாக இருந்தால் கூகுள் ஃபாண்ட்ஸில் இறக்கும் தொகுப்பிலேயே ஒவ்வோர் எடைக்கும் அகலத்துக்கும் தனிக் கோப்பு இருக்கும். காசு கிடையாது. திறந்த உரிமத்தில் வருவதால் கடைக்கும் விளம்பரத்துக்கும் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

தமிழும் இங்கிலீஷும் ஒரே வரியில் வரும் இடத்தில், ஒரே குடும்பம் என்பதால் ஒரே பாயிண்ட் அளவு போட்டுவிட்டால் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள். இங்கிலீஷை முழுக்கப் பெரிய எழுத்தில் போட்டால், அதே அளவில் இருக்கும் தமிழ் குள்ளமாகத் தெரியும். தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்று இரண்டு கிடையாது. நம் எழுத்தின் உடல் இங்கிலீஷ் பெரிய எழுத்துக்கும் சின்ன எழுத்துக்கும் நடுவில் நிற்கும். இங்கிலீஷைச் சின்ன எழுத்திலேயே எழுதுவது ஒரு வழி. பெரிய எழுத்துதான் வேண்டுமென்றால் அதைக் கொஞ்சம் குறைத்து, கண்ணால் பார்த்துச் சமன் செய்யுங்கள். ஸ்கேலை வைத்து அளந்து சமமாக்கினால் கண்ணுக்குச் சமமாகத் தெரியாது.

அக்ரிலிக்கில் எழுத்து வெட்டிப் பின்னால் எல்இடி வைக்கப் போகிறீர்கள் என்றால் இன்னொரு சங்கதி. ண் தலையில் இருக்கும் புள்ளி தனித் துண்டு. டியின் கொக்கி ஒட்டியே வரும், புள்ளி வராது. வெயிலில் பசை விட்டு முதலில் விழுவது புள்ளிதான். அப்புறம் வருஷக்கணக்கில் 'கணணாடி' என்று நிற்கும். புள்ளிக்குப் பின்னால் ஒரு சின்ன ஆணிக் கால் வைத்துப் பலகையில் துளை போட்டு இறக்கச் சொல்லுங்கள். செய்கிறவர் வெறும் பசை போதும் என்பார், விடாதீர்கள். மலையாளத்தில் நம் புள்ளி போல எழுத்தின் தலையில் வரும் பிறை, சந்திரக்கலைக்கும் இதே கதி. மெல்லிய எடை எழுத்தில் எல்இடி மாட்யூல் உள்ளே உட்காராது என்பதும் 600க்குப் போவதற்கு ஒரு காரணம்.

ஹெல்வெட்டிகாவை ஏன் விடச் சொன்னேன்? அது கெட்ட எழுத்து என்று சொல்லவில்லை. அதன் அழகே வாய் மூடிய அழகு. சி, எஸ், 6, 9 எல்லாம் நுனியை உள்பக்கம் வளைத்து, கிட்டத்தட்ட மூடிக்கொண்டு நிற்கும். தூரத்தில் 6, 8, 9 மூன்றும் ஒன்றுபோல் ஆகிவிடும். அதற்கு எதிர்த் திசையில் போனவர் அட்ரியன் ஃபுரூட்டிகர். பாரிஸ் சார்ல்ஸ் டி கோல் விமான நிலையத்துப் பலகைகளுக்காக அவர் வரைந்து, 1976இல் அவர் பெயரிலேயே வெளிவந்த எழுத்துருவில் வாயெல்லாம் திறந்திருக்கும். நடந்துகொண்டே படிக்கிற ஆளுக்காக வரைந்தது அது. நோட்டோ சான்ஸின் ரோமன் எழுத்தும் இந்தத் திறந்த வாய்ப் பக்கம்தான். ஸ்டீவ் மேட்டசன் வரைந்த டிராய்ட் சான்ஸ் வழியில் வந்தது.

பவர் சீட்டுக்கு நோட்டோ என்றேன். போர்டைவிட அந்தச் சீட்டின்மேல்தான் எனக்கு அக்கறை அதிகம். அதைக் கையில் வாங்குகிறவர் கண் சரியாகத் தெரியாமல் உங்களிடம் வந்தவர். கண்ணாடி தயாராக நான்கு நாள் ஆகும், அந்த நான்கு நாளும் அவர் கையில் இருப்பது உங்கள் சீட்டு. ஒன்பது பாயிண்டில் அழகாக நெருக்கி அடித்துக் கொடுத்தால் அவர் பேரனைத்தான் கூப்பிட வேண்டும். பன்னிரண்டுக்குக் கீழே போகாதீர்கள். தமிழில் மேலே கொக்கி, கீழே கூ, ழூ வால் என்று இரண்டு பக்கமும் நீள்வதால் வரிக்கு வரி ஒன்றரைப் பங்கு இடைவெளி விடுங்கள்.

சீட்டில் எழுத்தைவிட எண் முக்கியம். நோட்டோ சான்ஸில் எண்கள் எல்லாம் ஒரே அகலத்தில் வரையப்பட்டவை. 1.25க்குக் கீழே 0.75 வந்தாலும் புள்ளிக்கு நேராகப் புள்ளி நிற்கும், ஆக்ஸிஸை, அதாவது லென்ஸ் நிற்க வேண்டிய கோணத்தை, மூன்று இலக்கமாக எழுதினால் நெடுவரிசை கலையாது. அப்புறம் மைனஸ் குறி. கீபோர்டில் தட்டும் சின்னக் கோடு மைனஸ் குறி அல்ல, சொற்களை இணைக்கும் கோடு. குட்டையாகவும் தாழ்வாகவும் இருக்கும், மங்கிய பிரிண்ட்டில் காணாமல் போகும். மைனஸ் தொலைந்தால் படிக்கிறவர் பிளஸ் என்று எடுத்துக்கொள்வார். கணிதக் குறியாகவே தனி மைனஸ் யூனிகோடில் இருக்கிறது. பிளஸ் குறியின் அகலத்துக்கும் உயரத்துக்கும் பொருந்தி நிற்கும். சீட்டின் வார்ப்புருவில் ஒரு தடவை அதைப் போட்டு வைத்துவிட்டால் போதும். வலது, இடது இரண்டும் இரண்டு மொழியிலும் ஒரே சொல் என்பது நம் ஊர்க் கொடுப்பினை. இரண்டு எழுத்திலும் போட்டுவிடுங்கள்.

சீட்டில் தவறாமல் வரும் இன்னொரு சொல் 'பார்வை'. கிட்டப் பார்வை, தூரப் பார்வை. இதில் காலும் ரவும் அடுத்தடுத்து நிற்கின்றன. ரவுக்குக் கீழே சாய்ந்து இறங்கும் சின்னக் கால் ஒன்றுதான் இரண்டுக்கும் வித்தியாசம். நவீனமாக இருக்க வேண்டும் என்று சில எழுத்துருக்களில் அந்தச் சாய்வை மழித்துவிடுகிறார்கள். அப்போது பாவுக்கு இரண்டு கால் முளைத்தது போல் இருக்கும், மேலே புள்ளியை வைத்துத்தான் ஊகிக்க வேண்டும். நோட்டோவில் அந்தச் சாய்வு தெளிவாக இருக்கிறது. எந்த எழுத்துருவைப் பார்த்தாலும் முதலில் 'பார்வை' என்று அடித்துப் பாருங்கள். நோட்டோ என்ற பெயரே நோ டோஃபு என்பதிலிருந்து வந்தது. எழுத்துரு இல்லாத எழுத்துக்குத் திரையில் வரும் வெற்றுக் கட்டத்தை டோஃபு என்பார்கள், அது எந்த மொழிக்கும் வரக் கூடாது என்பது கூகுளின் நோக்கம். அதனால் வாட்ஸப்பில் அனுப்பும் சீட்டுக்கும் அது தோதானது.

பில் மெஷின் தனி உலகம். நீங்கள் வாங்கப் போவது பெரும்பாலும் 58 மில்லிமீட்டர் தாள் தெர்மல் பிரிண்டராக இருக்கும். ஒரு வரிக்கு 384 புள்ளி, அதாவது ஒரு மில்லிமீட்டருக்கு எட்டு. எழுத்தின் உடல் இரண்டு மில்லிமீட்டர் என்றால் பதினாறு புள்ளிக்குள் ஒரு ண வரைந்தாக வேண்டும். கோட்டுக்கு இரண்டு புள்ளி, வெள்ளைக்கு ஒன்று என்று பிரித்தால் சூடு கொஞ்சம் கூடினாலே வெள்ளை மூடிக்கொள்ளும். மூன்று மில்லிமீட்டராக்கினால் இருபத்து நாலு புள்ளி கிடைக்கும், அது போதும். தடித்த எடை வேண்டாம், மெல்லிய எடையும் வேண்டாம், நோட்டோவின் மீடியம் வையுங்கள். இந்த மெஷின்களுக்குள் பொதுவாகத் தமிழோ மலையாளமோ இருக்காது. பில் போடும் சாஃப்ட்வேர் எழுத்தைப் படமாக மாற்றி அனுப்ப வேண்டும். வாங்கும்போதே "தமிழை இமேஜாக அனுப்புமா?" என்று கேட்டு, முன்னாலேயே ஒரு பில் அடித்துக் காட்டச் சொல்லி வாங்குங்கள்.

மற்ற எழுத்துருக்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிரியா ரவிச்சந்திரன் வரைந்த கேட்டமரான், நம் கட்டுமரம் இங்கிலீஷுக்குப் போன அதே பெயர். ஒற்றைத் தடிமன் கோட்டில் மிக அழகான தமிழ், ஒன்பது எடை. மலையாளம் இல்லாததால் உங்களுக்குச் சொல்லவில்லை. பொள்ளாச்சியில் கிளை திறந்தால் எடுங்கள். சந்தோஷ் தோட்டிங்ஙல் வரைந்து 2016இல் வந்த மஞ்சரி, மலையாளத்தின் பழைய கூட்டெழுத்துகளோடு உருண்டையாக, மென்மையாக இருக்கும். மலையாளம் மட்டும் தனியாக நிற்கும் இடத்தில் எனக்கு மிகப் பிடித்தது அதுதான். சுதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங் என்ற கேரளத்துக் குழு தமிழுக்கும் ஒன்று செய்து கொடுத்திருக்கிறது. ஹுசைன் வரைந்த மீரா இனிமை. ஒரே எடைதான், போர்டுக்குப் போதாது, படிக்கிற புத்தகத்துக்கு இதமானது.

குழந்தைகள் ஃபிரேம் வைக்கும் அலமாரிக்கு பாலூ போடலாம். அதுவும் ஏக் டைப் செய்தது. கொழுகொழுவென்று இருக்கும். தமிழுக்குத் தம்பி, மலையாளத்துக்குச் சேட்டன், தெலுங்குக்குத் தம்முடு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். சேட்டனையும் தம்பியையும் ஒரே அலமாரியில் பார்ப்பது நம் ஊருக்குப் பொருத்தமாகவே இருக்கும். போர்டில் மட்டும் வேண்டாம், அதில் உள்வெள்ளை குறைவு.

டிசைன் வேலையை வெளியே கொடுக்கிறீர்கள் என்றால், யூனிகோடில் செய்யச் சொல்லுங்கள். பழைய பேஜ்மேக்கரில் யூனிகோடு ஓடாது. அதற்கென்று இருந்த பழைய எழுத்துருவில் அடித்தால் அந்தப் பெயரை அப்புறம் வாட்ஸப்பிலோ கூகுள் மேப்பிலோ ஒட்ட முடியாது. பழைய போட்டோஷாப்பில் செய்தால், இந்திய எழுத்துகளைச் சரியாக அடுக்கும் வேர்ல்ட் ரெடி அமைப்பு போட்டிருக்கிறதா என்று கேளுங்கள். இல்லாவிட்டால் 'கெ' எழுதினால் கொம்பு பின்னால் போய் நிற்கும். கடைப் பெயருக்கு முன்னால் ஸ்ரீ வருகிறதென்றால் அதையும் அடித்துச் சோதியுங்கள். சில எழுத்துருவில் அது உடைந்து ஸ் தனி, ரீ தனி என்று நிற்கும்.

கடைசியாக, காசு கொடுப்பதற்கு முன்னால் இதைச் செய்து பாருங்கள். பன்னிரண்டடிப் போர்டின் டிசைனைப் பத்தில் ஒரு பங்காகக் குறைத்து ஏ3 தாளில் பிரிண்ட் எடுங்கள், சரியாக அடங்கும். பத்தங்குல எழுத்து ஓர் அங்குலமாகும். அதை உங்கள் கடை வாசலில் கண் உயரத்தில் ஒட்டிவிட்டுப் பத்தடி பின்னால் போங்கள். அது ரோட்டுக்கு அந்தப் பக்கம் நூறடியில் நிற்பதற்குச் சமம். உங்கள் கண் நன்றாக இருக்கும், அதை நம்பாதீர்கள். கண் சோதிக்கும் டிரயல் ஃபிரேமில் பிளஸ் லென்ஸைக் கால் கால் பவராகக் கூட்டி, கொஞ்சம் மங்கலாக்கிக்கொண்டு பாருங்கள். தமிழ் ண்ணவிலும் மலையாளக் கூட்டெழுத்திலும் எது முதலில் மூடுகிறது என்று குறித்து, அகலத்தை ஒரு படி கூட்டி மறுபடி அடியுங்கள். இரண்டும் ஒரே லென்ஸில் மூடும்வரை இதைச் செய்யுங்கள். மூன்று, நான்கு தாள் போகும். அந்த அளவில் போர்டு அடிக்கக் கொடுங்கள்.